மூளைக்குச் சாதி தெரியுமா?

ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் பேச்சுக் கொடுக்கிறார். பெயரைக் கேட்கிறார், சொல்கிறோம். ஊரைக் கேட்கிறார், அதையும் சொல்கிறோம். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று மூன்றாவது கேள்வி வருகிறது. "அங்க இன்னாரை எனக்குத் தெரியுமே, அவர் உங்களுக்கு என்ன முறை வேணும்?" என்பது நான்காவது. ஐந்தாவது கேள்விக்கு அவசியமே இருக்காது. கையிலிருக்கும் முறுக்குப் பொட்டலம் நம் பக்கம் நீளும், இல்லாவிட்டால் அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த நாலு கேள்விகள் பழகிப்போனவை. மூளையைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அவற்றில் உள்ள ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. ஒரு முகத்தைப் பார்த்த அரை நொடிக்குள் வயது, பால், தோல் நிறம் மூன்றையும் மூளை தானாகவே குறித்துக்கொள்கிறது. யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சாதி அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் எந்தக் கண்ணாலும் அதைச் சொல்ல முடியாது. அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நாலு கேள்வி கேட்டுத் தோண்டியெடுக்க வேண்டிய ஒன்றை மூளையின் இயற்கை என்று எப்படிச் சொல்வது?

இதை இவ்வளவு அழுத்திக் கேட்கக் காரணம் உண்டு. அலுவலகங்களில் இப்போது பன்முகத்தன்மை பற்றிப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். "பாரபட்சம் இயற்கையானது, நம் மூளை அப்படித்தான் அமைந்திருக்கிறது, யாரையும் குறை சொல்ல முடியாது" என்று வகுப்பு தொடங்கும். கேட்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். இந்தக் கூற்றில் பாதி உண்மை. மீதிப் பாதியை விட்டுவிட்டால் அது பெரிய தீங்காகிவிடும்.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். வகை பிரிக்காமல் மூளையால் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது. முன்பின் பார்த்திராத நாயையும் நாய் என்று உடனே அறிவதும், இருட்டில் கயிறு கிடந்தால் துள்ளி விலகுவதும் அந்த வேலையால்தான். மனிதர்களையும் அது அப்படியே பிரிக்கிறது. பழகிய முகங்களை நுணுக்கமாக நினைவில் வைத்துக்கொள்கிறது; பழகாத கூட்டத்து முகங்களெல்லாம் அதற்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. வெளிநாட்டுக்குப் போன புதிதில் அங்குள்ளவர்களை அடையாளம் கண்டுகொள்ளத் திணறியவர்களுக்கு இது தெரியும்.

ஆனால் இந்தப் பழக்கமே பிறவியில் வருவதில்லை. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளுக்கு வெவ்வேறு இனத்தவரின் முகங்களைக் காட்டிப் பார்த்தார்கள். எந்த முகத்தையும் அவை கூடுதல் நேரம் பார்க்கவில்லை. மூன்று மாதக் குழந்தைகளோ தம் இனத்து முகங்களையே அதிக நேரம் பார்த்தன. 2005-இல் வெளியான ஆய்வு இது. மறு ஆண்டில் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி போனது. இஸ்ரேலின் வெள்ளைக் குழந்தைகளும் எத்தியோப்பியாவில் வளரும் கறுப்புக் குழந்தைகளும் தத்தம் இனத்து முகங்கள் பக்கம் சாய்ந்தார்கள். எத்தியோப்பியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்து, இரு நிறத்தாரையும் பார்த்து வளர்ந்த குழந்தைகளிடம் மட்டும் அந்தச் சாய்வு இல்லை. மூன்றே மாதத்தில் தொட்டிலைச் சுற்றி நின்ற முகங்கள் போட்ட கணக்கு அது.

பயம், எச்சரிக்கை போன்றவற்றோடு தொடர்புடைய அமிக்டலா என்று ஒரு பகுதி மூளைக்குள் இருக்கிறது. வாதுமைப் பருப்பு அளவுதான். அமெரிக்காவில் வெள்ளையர்களுக்குக் கறுப்பர்களின் படத்தைக் காட்டும்போது அது கூடுதலாகத் துடிக்கிறது என்று சில ஆய்வுகள் வந்ததும், "நிறவெறி மூளையிலேயே இருக்கிறது" என்று பலர் எழுதினார்கள். 2005-இல் வீலர், ஃபிஸ்க் என்ற இரு உளவியலாளர்கள் அதே பரிசோதனையில் ஒரு கேள்வியை மட்டும் மாற்றினார்கள். படத்திலிருப்பவரின் வயதை மதிப்பிடச் சொல்வதற்குப் பதிலாக, இவருக்கு இந்தக் காய்கறி பிடிக்குமா பிடிக்காதா என்று ஊகிக்கச் சொன்னார்கள். அமிக்டலாவின் கூடுதல் துடிப்பு காணாமல் போனது. எதிரே இருப்பவருக்கு ஒரு நாக்கும் ருசியும் உண்டு என்று யோசித்ததும் அவர் ஒரு வகையின் மாதிரியாக இல்லாமல் தனி மனிதராகிவிட்டார்.

மூளை ஏதோ ஒரு கோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது. அது எந்தக் கோடு என்பதை அதற்கு ஊர்தான் சொல்லிக்கொடுக்கிறது.

கோடு எவ்வளவு அற்பமானதாக இருந்தாலும் போதும் என்று காட்டியவர் ஹென்றி தாஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து ஜெர்மானியரிடம் பிடிபட்டார். போலந்து யூதர் என்பதை மறைத்ததால் உயிர் தப்பினார். திரும்பி வந்தபோது அவருடைய குடும்பத்தில் யாரும் உயிரோடு இல்லை. ஒரு அடையாளச் சொல் ஆளைக் கொல்லவும் காப்பாற்றவும் முடியும் என்பதை உடம்பால் அறிந்தவர் அவர். பிற்பாடு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பள்ளிச் சிறுவர்களை வைத்து ஒரு பரிசோதனை நடத்தி 1970-இல் வெளியிட்டார். க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களின் படங்களைக் காட்டி, யாருடையது பிடித்திருக்கிறது என்று கேட்டு இரண்டு குழுவாகப் பிரித்தார். பிரித்ததாகச் சொன்னார், அவ்வளவுதான். உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தது. யார் தன் குழுவில் இருக்கிறார்கள் என்பதுகூடச் சிறுவர்களுக்குத் தெரியாது. பிறகு ஆளுக்குக் கொஞ்சம் காசைப் பங்கிடச் சொன்னார். தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ள முடியாது.

சிறுவர்கள் தம் குழுவுக்கு அதிகம் கொடுத்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். என்னை உலுக்கியது வேறு. ஒரு பட்டியலில் ஒரு முனையில் நம் குழுக்காரருக்கு 19, மற்றவருக்கு 25 என்று இருக்கும். மறுமுனையில் நம்மவருக்கு 7, மற்றவருக்கு 1. முதலாவதில் நம்மவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று மடங்கு. அப்படியிருந்தும் சிறுவர்கள் இரண்டாவது முனையை நோக்கியே சாய்ந்தார்கள். நம்மாளுக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, அவன் நம்மாளைவிடக் கீழே இருக்க வேண்டும். தன் ஊருக்கு வரும் குடிநீர்க் குழாய் பக்கத்துத் தெருவுக்கும் போகும் என்பதற்காகவே அதைத் தடுத்தவர்களைப் பார்த்திருக்கிறோமே, அந்தக் கணக்கு இதுதான்.

2001-இல் அமெரிக்காவில் குர்ஸ்பன், டூபி, காஸ்மைடீஸ் மூவரும் செய்த ஆய்வு இதற்கு மறுபக்கம். இரண்டு கூடைப்பந்து அணிகளுக்குள் தகராறு. யார் என்ன பேசினார் என்று படமும் வாக்கியமும் வரும். பிறகு எந்த வாக்கியம் யாருடையது என்று கேட்பார்கள். ஆட்கள் தவறு செய்வார்கள். அந்தத் தவறுகளில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவரை இன்னொருவராக மாற்றி நினைக்கும்போது எந்த வகைக்குள் மாற்றுகிறார்கள்? இரண்டு அணியிலும் இரு நிறத்தாரும் கலந்திருந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரிச் சட்டை போட்டிருந்தபோது தவறுகள் பெரும்பாலும் தோல் நிறத்தை ஒட்டியே விழுந்தன. அணிக்கு ஒரு நிறச் சட்டை கொடுத்ததும் தவறுகள் சட்டையைப் பின்பற்றத் தொடங்கின, தோல் நிறத்தின் பிடி தளர்ந்தது. இதற்கு ஆன நேரம் நாலு நிமிடத்துக்கும் குறைவு. நூற்றாண்டுகளாக அடிமைத்தனம் நடந்த நாட்டின் மக்கள் மூளையில், ஒரு சட்டை செய்த வேலை இது.

சட்டை என்றதும் எனக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் நினைவுக்கு வருகின்றன. அங்கே பையன்கள் மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கு ஒரு நிறம், சிலருக்கு இரண்டு நிறம் சேர்ந்தது. யார் எந்தக் கயிறு என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். விளையாட்டில் யார் யாரோடு சேர்வது, மதியச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைக் கயிறு முடிவு செய்கிறது. சீருடை எதற்காக வந்ததோ அதை ஒரு முழம் நூல் அழித்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை மூளைக்குத் தெரியும்படி செய்வதற்குத்தான் அந்தக் கயிறு. ரயிலில் நாலு கேள்வியில் தெரிந்துகொள்வதை இங்கே கேட்காமலே தெரிந்துகொள்ளலாம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவரை, அவரோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி போன்ற அடையாளங்களைப் பள்ளியில் தடுக்க வேண்டும், மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. கயிற்றை அறுத்தால் மனசு மாறிவிடுமா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வியாகத் தோன்றும். சட்டை ஆய்வைப் படித்தவர் அப்படிக் கேட்க மாட்டார். அடையாளத்தைக் கண்முன் வைத்துக்கொண்டிருந்தால் மூளை அதை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கற்றுக்கொள்ளும்.

கண்முன் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரப் பிரதேசக் கிராமத்தில் கர்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் நடத்திய சோதனையைவிட வலிக்கிற சான்று எனக்குத் தெரியாது. ஆறு, ஏழாம் வகுப்புப் பையன்கள், உயர்சாதியில் 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதியில் 321 பேர். காகிதத்தில் வரைந்த சிக்கல் பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். போட்டவற்றுக்குக் காசு. யார் என்ன சாதி என்று சொல்லாமல் விட்டபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமமாகவே போட்டார்கள். பிறகு வேறு குழுக்களில், தொடங்குமுன் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் மற்றவர்கள் முன்னால் வாசித்தார்கள். சரியென்றால் பையன் தலையாட்ட வேண்டும். அவ்வளவே. தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் போட்ட எண்ணிக்கை கணிசமாகச் சரிந்தது. அதே வயசு, அதே புதிர், அதே காசு. பாகுபாடு பார்ப்பவன் மூளையில் மட்டும் நடப்பதில்லை. அதை வாங்கிக்கொள்ளும் பிள்ளையின் மூளையிலும் போய் உட்கார்ந்துவிடுகிறது. வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லி சாதிச் சான்றிதழ் விவரம் கேட்கும் ஆசிரியர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

வேலைச் சந்தையிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 66 வாரங்களில் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பி 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 100 என்று வைத்தால் தலித் பெயருக்கு 67, முஸ்லிம் பெயருக்கு 33. விடைத்தாள் திருத்துவதை ஆராய்ந்த ஹன்னா, லிண்டன் இருவரும் 2012-இல் இன்னொன்றைக் கண்டார்கள். ஒரே விடைத்தாளின் முகப்பில் தாழ்ந்த சாதி என்று இருந்தால் மதிப்பெண் சற்றுக் குறைந்தது. குறைத்தவர்களில் தாழ்த்தப்பட்ட சாதி ஆசிரியர்களே முன்னணியில் இருந்தார்கள். எனவே வெறுப்பு மட்டுமே இதற்கு விளக்கமாக முடியாது. சுற்றியிருக்கும் சமூகம் மூளைக்கு ஊட்டிய மதிப்பீட்டை எல்லாரும் உண்கிறோம், அதனால் இழப்பவர்கள் உட்பட.

சரி, பயிற்சி கொடுத்து மாற்ற முடியாதா? 2018 மே 29 பிற்பகலில் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் அமெரிக்காவிலுள்ள தன் 8,000-க்கும் மேற்பட்ட கடைகளைப் பூட்டிவிட்டு ஊழியர்களுக்குப் பாரபட்சம் பற்றிப் பயிற்சி நடத்தியது. ஃபிலடெல்ஃபியா கடையில் ஒன்றும் வாங்காமல் நண்பருக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பு இளைஞர்களைப் போலீஸை அழைத்துக் கைது செய்ய வைத்ததற்குப் பரிகாரம். நல்ல நோக்கம்தான். ஆனால் மறு ஆண்டு வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு 492 ஆய்வுகளை, 87,418 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. மனதுக்குள் மறைந்திருக்கும் சாய்வைச் சோதனையில் கொஞ்சம் மாற்ற முடிகிறது. அந்த மாற்றம் நடத்தையில் மாற்றமாக வருவதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. ஒரு பிற்பகல் வகுப்பு முப்பது வருஷப் பழக்கத்தைக் கழுவிவிடாது.

மனிதரை மாற்றுவதற்குக் காத்திருக்காமல் ஏற்பாட்டை மாற்றினால் பலன் தெரிகிறது. இதில் தமிழ்நாடு முன்னோடி என்பதைப் பெருமையோடு சொல்ல வேண்டும். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இன்று நம் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து இருக்கிறது, அவ்வளவுதான். தோரட் செய்த மாதிரி ஆய்வைத் தமிழ்ப் பெயர்களை வைத்துச் செய்வது கடினம். விடைத்தாளில் பதிவெண்ணை மறைத்து டம்மி எண் போட்டுத் திருத்துவதும் இதே வகைதான். திருத்துபவர் நல்லவராக இருந்தாலும் கெட்டவராக இருந்தாலும் மாணவருக்கு ஒன்றே. ஆனால் ஒரு வழி அடைபட்டதும் மூளை வேறு வழி தேடும் என்பதற்கும் நாமே சாட்சி. ரயிலில் வந்த நாலு கேள்விகள் அந்த மாற்று வழி.

மறைப்பதோடு நின்றால் போதாது, பழகவும் வேண்டும் என்பதற்கு மேற்கு வங்கத்தின் பிர்பூம் மாவட்டத்தைப் பார்க்கலாம். 1993-இல் வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. எந்த ஊராட்சி பெண்களுக்கு என்பது சுழற்சியில் வரும். எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் இதையே பரிசோதனையாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஊர்த் தலைவர் ஒருவரின் பேச்சைப் பதிவு செய்து, சிலருக்கு ஆண் குரலிலும் சிலருக்குப் பெண் குரலிலும் போட்டுக் காட்டி, இந்தத் தலைவர் எவ்வளவு திறமையானவர் என்று கேட்டார்கள். பேச்சில் ஒரு சொல்கூட மாற்றம் இல்லை. பெண் தலைவரையே பார்த்திராத ஊர் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். ஏற்கெனவே ஒரு பெண் தலைவரைப் பார்த்த ஊர்களில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. தலைவர் ஆணாக இருந்தால்தான் பிடிக்கும் என்ற விருப்பம் மட்டும் அப்படியே இருந்தது! பிடிக்காவிட்டாலும் அவளால் முடியும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். இரண்டு முறை தொடர்ந்து பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், ஒதுக்கீடு போன பிறகும் பெண்கள் அதிகமாகப் போட்டியிட்டு ஜெயித்தார்கள். இடஒதுக்கீட்டால் திறமை கெடுகிறது என்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் வேண்டாம். நம் மாநிலத்தில் 2016 முதல் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடங்கள்.

பழகுவது என்றால் எப்படியும் பழகினால் ஆகிவிடாது. மேட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்தில் பல சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் போட்டிகள் நடத்தினார். சிலருக்குத் தன் சாதிக்காரர்களே அணி. சிலருக்குக் கலந்த அணி. வேறு சாதிக்காரரோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்குச் சாதி தாண்டிய நட்பு கூடியது. வேறு சாதிக்காரரை எதிரணியில் மட்டும் சந்தித்தவர்களுக்கு அது குறைந்தது. நம் கிராமங்களில் பொங்கலுக்கு நடக்கும் விளையாட்டுப் போட்டிகளில் தெருவுக்கொரு அணி என்று பிரிக்கிறோம். தெரு என்றால் என்ன என்பது எல்லாருக்கும் தெரியும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். 1997 ஜூன் 30-இல் மதுரை மாவட்டம் மேலவளவில், தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் தலைவராக ஜெயித்த முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996-இலிருந்து பத்து வருஷம் தலித் தலைவரைத் தேர்ந்தெடுக்கவே விடவில்லை. இவற்றில் அமிக்டலாவுக்கு வேலை இல்லை. நிலம், கோயில் மரியாதை, ஊர்ச் சொத்துக் குத்தகை ஆகியவற்றைக் கைவிட மனமில்லாதவர்கள் கூடிப் பேசி, திட்டம் போட்டுச் செய்தவை. அறியாமல் வரும் சாய்வையும் அறிந்தே செய்யும் அநியாயத்தையும் ஒரே பெயரில் அழைத்தால் குற்றவாளி தப்பித்துவிடுவான். முதலாவதற்கு ஏற்பாடு வேண்டும். இரண்டாவதற்குச் சட்டமும் சிறையும் வேண்டும்.

பள்ளியில் அணி பிரிக்கும் பொறுப்பு உங்களிடம் இருந்தால், வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி பிரியுங்கள். பிள்ளைகளே சேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். அந்த அணி ஒரு வருஷமாவது கலையாமல் இருக்கட்டும். வேலைக்கு ஆள் எடுப்பவராக இருந்தால், எல்லாருக்கும் ஒரே கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு நேர்காணலுக்கு உட்காருங்கள். எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த வேலையைச் செய்ய அந்தப் பதில் தேவையில்லை.